ஒரே கை, இரண்டு குணம்

5 ஆகஸ்டு 2025, செவ்வாய்

ஆபீசில் புதுக் கூத்து. சூப்பர்வைசர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்களாம். வேலையில் சமாளித்த கஷ்டமான ஒரு நாளைப் பற்றி எல்லாரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதைப் படித்து கம்ப்யூட்டர் நம் குணத்தைச் சொல்லிவிடும். "மனுஷன் பாரபட்சம் பாப்பான், இது பாக்காது லா" என்கிறார் மேனேஜர் குணவதி. லிட்டில் இந்தியாவில் சீட்டு எடுக்கும் கிளியாவது கூண்டைவிட்டு வெளியே வந்து நம் முகத்தைப் பார்க்கும்.

இந்தக் கப்பல் சரக்கு ஆபீசில் எனக்கு இருபத்தொரு வருடம். அந்தப் பதவி எனக்கு வேண்டும். வெளியே சொல்லமாட்டேன், இங்கே சொல்லலாம்.

7 ஆகஸ்டு

என் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்தேன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் பெர்மிட் கிடைக்காமல் எங்கள் சரக்கு லாரி நின்ற நாள். சிக்கல், நடவடிக்கை, தீர்வு. தன் பெருமையைத் தானே எழுதுவது மானங்கெட்ட வேலை என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது.

பக்கத்து மேசை ஹக்கீம் வந்து நின்றான். "சுதாக்கா, என் இங்கிலீஷ் லட்சணம் ஒங்களுக்குத் தெரியும்தானே. எனக்கும் எழுதிக் குடுங்க லா." லீவுக் கடிதம், மன்னிப்புக் கடிதம் என்று இங்கே யாருக்கு எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அவனுக்கும் அதே லாரி நாள்தான், சேர்ந்துதான் போயிருந்தோம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே வந்தது.

18 ஆகஸ்டு

முடிவு வந்தது. நான்: பிறரிடம் ஒட்டாதவர், பரிவு குறைவு, குழுவை நடத்தப் பொருந்தாதவர். ஹக்கீம்: பரிவு மிக்கவர், பிறவித் தலைவர். பதவி அவனுக்கு.

இரண்டையும் எழுதியவள் நான்! ஒருத்தியையே கல்நெஞ்சுக்காரி என்கிறது, தங்கமான மனசு என்றும் சொல்கிறது. இந்த மெஷினுக்கு ஒரு விலை, அதை விற்கக் கோட்டு போட்ட ஒருவன்.

19 ஆகஸ்டு

சொல்லிவிடவா? சொன்னால் அவன் வேலை போகும். வயிறு எரியுது. எரியட்டும்.

22 ஆகஸ்டு

ஹக்கீமே போய்ச் சொல்லிவிட்டான். குணவதி கதவைச் சாத்திவிட்டு, "ரிப்போர்ட் கே.எல். ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு. வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றாராம். மெஷின் பாரபட்சம் பார்க்காது, சரி. மேனேஜர் தன் மானத்தைப் பார்க்க வேண்டாமா?

அதோடு விடவில்லை அவன். "அந்த லாரி டிரைவருக்கு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்கிக் குடுத்தது நான்னு எழுதியிருந்தீங்க. குடுத்தது நீங்கதானேக்கா. ஒங்க பேப்பர்ல ஏன் அத எழுதல?"

ஃபைலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

9 செப்டம்பர்

பத்து காவான் ஊர்க் கிளைக்கும் சூப்பர்வைசர் வேண்டுமாம். மறுபடி ஒரு பக்கம், மறுபடி அதே மண்டூகக் கம்ப்யூட்டர். உட்கார்ந்து எழுதினேன். அதே நாள்தான். டிரைவர் இப்ராஹிம் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை; நான் சாப்பாடு வாங்கி வந்தேன்; பெர்மிட் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எழுதும்போது உடம்பெல்லாம் கூசியது. அழிக்காமல் அனுப்பிவிட்டேன்.