அத்தானின் விலாவில் விழுந்த குத்து

8.8.1993, ஞாயிறு

கராத்தே வகுப்பில் சேர்ந்து மூன்று கிழமைதான் ஆகிறது. ஆறு மாதம் போகாமல் யாரோடும் மோதக்கூடாது என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் ஞாயிறுகளில் பழைய மாணவர்கள் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் தாங்களாகவே கூடி மோதிப் பழகுவார்கள். இன்று அத்தான் என்னையும் கூட்டிப்போனார்.

"பயப்பிடாதை, மெல்லமாத்தான் அடிப்பம்."

அவர் மெல்லமாகத்தான் அடித்தார். எனக்குத்தான் கையை நிறுத்தத் தெரியவில்லை. பதறிப்போய் நான் விட்ட குத்து அவருடைய விலாவில் இறங்கியது. அப்படியே மணலில் குந்திவிட்டார். எனக்கு அடி விழும் என்றுதான் பயந்திருந்தேன். நான் அடிப்பேன் என்று நினைக்கவேயில்லை.

"மாஸ்டருக்குத் தெரிஞ்சால் ரெண்டு பேரையும் வகுப்பாலை கலைச்சுப்போடுவார். நான் வள்ளத்திலை விழுந்தனான் எண்டு அக்காட்டைச் சொல்லு" என்றார், வரும் வழியில்.

அக்கா நம்பிவிட்டாள். அவருக்கு மூச்சு இழுக்கவே நோகிறது. வலை இழுக்க இன்னும் ஒரு மாதமாவது செல்லும். சற்றுமுன் ஒத்தடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நல்லகாலம், நீ பக்கத்திலை நிண்டனி தம்பி. இனி அவரைத் தனியக் கடலுக்கு விடாதை."

"ஓம் அக்கா" என்றேன்.

சுவருக்கு அங்காலே அத்தான் விழித்துத்தான் கிடந்தார்.