சட்டைப் பையில் ஒரு பறவை

என்னங்க,

மகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது பையில் தைத்திருக்கும் பேட்ஜில் சூடு பட்டுவிட்டது. நூல் கருகும் வாசனை வந்ததும் உங்கள் முகம்தான் கண்முன் நின்றது. அவளை முதல் வகுப்பில் சேர்க்கப் போன அன்று பேயறைந்த மாதிரி இருந்ததே, அந்த முகம்.

பள்ளிச் சின்னத்தைக் காட்டி அர்த்தம் கேட்பார்கள், தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை என்று எதிர்வீட்டு மரியாக்கா கிளப்பிவிட்டிருந்தாள். தாராவியிலிருந்து கான்வென்ட் வாசல்வரை ஒப்பித்துக்கொண்டே வந்தீர்கள். "விளக்கு அறிவு. புத்தகம் வேதம். நட்சத்திரம் மாதா. பறவை புறா, பரிசுத்த ஆவி." மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், நீங்கள் அதுவும் இல்லை. இவளாவது படித்துவிட மாட்டாளா என்றுதான் அத்தனை பாடு.

உள்ளே போனால் சுவரில் ஆளுயரக் கேடயம். சிலுவை ஒன்று அதை நான்காகப் பிரித்திருந்தது. மரியாக்கா வீட்டுப் பிள்ளையின் பேட்ஜில் பொட்டு மாதிரி இருந்த பறவை அங்கே வாத்தைவிடப் பெரிது. நீண்ட அலகைத் தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டு நின்றது. காலடியில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்திருந்தன. புறா இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"ஏங்க, பேன் பாக்குதோ?" என்றேன் காதில்.

"ஏட்டி, வாய மூடு. பிள்ளை படிப்பு போயிரும்."

சிஸ்டர் விளக்கைக் காட்டினார், சொன்னீர்கள். புத்தகம், நட்சத்திரம் எல்லாம் சொன்னீர்கள். பேனா முனை பறவைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. "அப்பா, கை வலிக்கு" என்றாள் மகள். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். அடுத்த ஆளை அனுப்பலாமா என்று பியூன் வேறு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் இந்தியில் சொன்னீர்கள்: "பேட் காட்கே பச்சா லோக் கோ கிலாத்தா ஹை, சிஸ்டர்."

வயிற்றை அறுத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாம் சொல்வதைத்தான் இந்திக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நீங்களோ சுவரில் பார்த்ததை அப்படியே சொன்னீர்கள்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெலிகன்," என்றார். நம்ம ஊர்க் குளத்தில் மீன் பிடிக்குமே, அந்தக் கூழைக்கடாதான். தன் ரத்தத்தைக் கொடுத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றுமாம், அவர்களுக்கு அது ஏசுவாம். பிறகு மகளைப் பார்த்து, "ஷூ லேஸ் கட்டத் தெரியுமா?" என்று கேட்டார். இடம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது நான் சும்மா வந்தேனா? "ஏங்க, அந்தப் பறவை முதல்ல நாலு மீனைத் தின்னுருக்கும். பட்டினி கிடந்தா ரத்தம் எங்கேருந்து வரும்?"

"போய் சிஸ்டருக்கே பாடம் எடு, போ" என்று சிரித்தீர்கள்.

சிரித்ததோடு சரி. அதற்குப் பிறகு பட்டறையில் சாப்பாட்டு நேரத்திலும் ஓவர்டைம். டப்பா திறக்காமலே வீடு திரும்பும். "பசிக்கலட்டி" என்பீர்கள். வயிற்று வலியையும் அப்படித்தான் மறைத்தீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அவள் படிப்பு இப்போது என் பொறுப்பு. எவ்வளவு வேலை கிடந்தாலும் மத்தியானம் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். "எம்மா, மெதுவா தின்னு" என்று கேலி செய்கிறாள். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறேன். உங்கள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதையும் சோற்றோடு சேர்த்துத்தான் பிசைகிறேன்.