ஜாஸ்பர் என்று சொன்னேன்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

கடையில் என்னை ஷிஃப்ட் மேற்பார்வையாளராக்கிய செய்தி சர்ச் முழுக்கப் பரவிவிட்டது. மதியச் சாப்பாட்டில் பாதிரியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த என் ஐந்து மாதக் குழந்தையைப் பார்த்து, "மேபல் பொறந்த நேரம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே அரசாங்க மெடிக்கல் கார்டு எங்களுக்கு வேண்டாம்" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சிலர் கைதட்டினார்கள். அக்கா ஷானா குனிந்து தன் மகன் ஜாஸ்பருக்குக் கோழித்துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் குறைந்தவர்களுக்கு இலவச வைத்தியம் தரும் கார்டு அது; அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான்.

வேண்டாம் என்று சொன்னது பொய். சம்பளம் ஏறினால் கார்டு தானாகப் போய்விடும் என்று கடையில் கூட வேலை செய்யும் பாம் சொன்னாள். தானாகப் போனதை நானே விட்டதாகச் சொன்னேன், அவ்வளவுதான். கம்பெனி காப்பீட்டில் பிள்ளைகளைச் சேர்த்தால் ஏறிய சம்பளம் அப்படியே அதற்குப் போகும். என் கணவர் வெஸ்ஸுக்குப் பனி முடியும்வரை கூரை வேலை கிடையாது.

பிப்ரவரி 14

என் மகன் டேனுக்குக் காதுவலி. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுகிறான். வெந்நீர் ஒத்தடம்.

பிப்ரவரி 15

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

வியாழன்தோறும் ஜாஸ்பர் என்னிடம்தான் இருப்பான். அவன் பையில் அக்கா எப்போதும் அவன் கார்டை வைத்திருப்பாள். டேனுக்கும் நான்கு வயது, அவனுக்கும் நான்கு. இருவருக்கும் அதே சணல் நிறத் தலை. டேனின் காதிலிருந்து சீழ் வடிந்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஜாஸ்பரையும் மேபலையும் வெஸ்ஸிடம் விட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

கார்டை நீட்டினேன். பெயர் கேட்டார்கள். ஜாஸ்பர் என்று சொன்னேன்.

நர்ஸ் நல்ல பெண். "ஜாஸ்பர் கண்ணா, வாயைத் தெற" என்றாள்.

"நான் டேன்" என்றான் என் பிள்ளை.

நான் சிரித்தேன். "டேன் இவனோட தம்பி முறை. ரெண்டு பேரும் பேரை மாத்தி வெச்சு வெளையாடுவாங்க." டேன் என்னையே பார்த்தான். அப்புறம் வாயைத் திறந்தான்.

அவள் திரையைப் பார்த்து, "பென்சிலின் ஒத்துக்காதுன்னு போட்டிருக்கே. குடுத்தப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. ஜாஸ்பர் கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ ஆயிற்று, அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உதடா, கையா, என்ன வீங்கியது? தெரியாது என்று சொல்லும் தாய் யார்? பிடிபட்டேன் என்றே நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிற்று: "சின்னதாத் தடிப்பு. அதுக்கப்புறம் குடுத்திருக்கோம், ஒண்ணும் ஆகல."

"அப்ப நல்லது. அந்தக் குறிப்பை எடுத்துடறேன்" என்று தட்டினாள்.

திரும்பும்போது பின்னிருக்கையிலிருந்து, "அம்மா, நான் டேன்தானே?"

ஆமாம் என்றேன். ரேடியோவைப் போட்டேன்.

பிப்ரவரி 18

காது ஆறிவிட்டது. ஓடுகிறான், குதிக்கிறான். அக்காவிடம் சொல்லலாமா? சொன்னால் மெடிக்கல் கார்டு வேண்டாம் என்று பீற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

மார்ச் 9, சனி

ஜாஸ்பர் ஆஸ்பத்திரியில். பிழைத்துவிட்டான். பிழைத்துவிட்டான் பிழைத்துவிட்டான்.

தொண்டைவலி என்று அவன் அப்பா லானி கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறார். இந்த வட்டாரக் கிளினிக்குகளுக்கெல்லாம் ஒரே கம்ப்யூட்டர். பென்சிலின் வகை மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் முதல் ஸ்பூன் குடித்துக் கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்திருக்கிறது. ஆம்புலன்ஸிலேயே ஊசி.

நான் போனபோது அக்கா வராந்தாவில் லானியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு வாய் இல்லையா? கேட்டப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குமேன்னு சொன்னேன் ஷானா. பாத்தாங்க. இல்லைன்னாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அம்மாவே சரியாயிடுச்சுன்னு சொன்னதா எழுதியிருக்காம்டி. நானா? நான் எப்ப சொன்னேன்? டாக்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே... பொய் சொல்றவளைப் பாக்கிற மாதிரி."

என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்.

மார்ச் 11

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து யாரோ அக்கா வீட்டுக்கு வரப்போகிறார்களாம், விசாரிக்க. "கவனிப்பு சரியில்லையாம் டாரா. எங்கிட்டயா சொல்றாங்க?" என்று போனில் கேட்டாள். மருந்துப் பெயர்களைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவள் அவள்.

போனை வைத்ததும் கடையின் பின்புறம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன பொம்பளை நான்? என்ன பொம்பளை?

மார்ச் 13

சொல்லிவிட்டேன். அவள் சமையலறையில், நின்றபடி. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாத்திரம் துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"கார்டைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஆனா கடன் வாங்கியாவது டேனை நானே கூட்டிட்டுப் போயிருப்பேன். அது உனக்குத் தெரியும்தானே?"

தெரியும்.

"அப்ப நான் மட்டமாத் தெரிஞ்சேனா உனக்கு? எங்கிட்ட கேக்கறதுக்குக்கூட?"

துணியைக் கீழே வைத்தாள். "லானி வர்றதுக்குள்ள போயிடு" என்றாள்.

மார்ச் 14

கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த நர்ஸ் இல்லை. உள்ளே ஓர் அம்மாள், பெயர் கார்லீன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ஜாஸ்பரின் குறிப்பை என் கண்முன்னே திருத்தினார். "இதை மேல சொல்லியாகணும்மா. மறைக்க முடியாது. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க" என்றார். சரி என்றேன். அக்கா மேல் தப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு, "உங்க பையன் பேர் என்ன? பொறந்த தேதி?" என்று தட்டிப் பார்த்தார்.

"கார்டு இருக்கே."

"சம்பளம் ஏறிடுச்சு. போயிடுச்சுன்னு..."

"யாரு சொன்னது? குழந்தைங்களுக்கு ஒரு தடவை குடுத்தா வருஷம் முழுக்க இருக்கும். நடுவுல சம்பளம் ஏறினா எடுக்க மாட்டாங்க. பெத்தவளுக்கும் பிரசவத்திலேர்ந்து ஒரு வருஷம் உண்டு. பாப்பா எப்பப் பொறந்தா?"

"செப்டம்பர்ல."

"அப்ப உங்களுக்கும் இருக்கு." தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

பண்ணியிருக்கலாம். கார்டு அலுவலகத்தில் போன் எடுப்பவளுக்கு என் குரல் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோர் குரலும் தெரியும். அந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் தொண்டை அடைத்தது.

டேனின் கார்டு உயிரோடு என் மேசை டிராயரிலேயே கிடந்திருக்கிறது.

மார்ச் 28

வியாழன். ஜாஸ்பர் வரவில்லை. டேன் ஜன்னலிலேயே நின்றான்.

ஏப்ரல் 16

அக்கா மேலான விசாரணையை முடித்துவிட்டார்களாம். லானி வெஸ்ஸிடம் சொன்னார். என் விசாரணை மே மாதம். வெஸ் கூட வருவதாகச் சொல்கிறார். மேபலைப் பெற்றதிலிருந்து தூக்கமில்லாததை, காரணமில்லாமல் அழுவதை, இன்று டாக்டரிடம் சொன்னேன். என் பெயரில், என் கார்டில்.

மே 5

சர்ச்சுக்குப் போகவில்லை. பாம் கேட்டாள்: சம்பளம் ஏறப்போகிறது, மகளின் கார்டு போய்விடுமா என்று. போகாது என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன். அவள் முகம் மாறியதையும் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மே 23, வியாழன்

காலையில் கார் சத்தம். அக்கா இறங்கவில்லை, இஞ்சினையும் அணைக்கவில்லை. ஜாஸ்பர் மட்டும் புல்லில் ஓடிவந்தான். மணிக்கட்டில் புதிதாக ஓர் உலோக வளையம், எழுத்து பொறித்தது.

"சித்தி, இதுல என்ன போட்டிருக்கு? அம்மா உன்னைப் படிக்கச் சொன்னாங்க."

மண்டியிட்டு அவன் கையைப் பிடித்தேன். படித்தேன்.

"கேக்கல. சத்தமா."

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. "ஜாஸ்பர். பென்சிலின் கொடுக்கக் கூடாது" என்று அவளுக்கும் கேட்கும்படி படித்தேன்.

அக்கா தலையாட்டவில்லை. நான் எழுந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டே, "அஞ்சு மணிக்கு வர்றேன்" என்றாள்.