கண்ணுக்கு விட்ட சொட்டு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானேதான் எழுதுகிறேன், நம்பு. முதியோர் வகுப்பு டீச்சர் பிழை திருத்தித் தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. பெண்டாட்டிக்கு எழுதுவதை மூன்றாம் ஆள் எதற்குப் பார்க்க வேண்டும்? இந்த வரிக்கு வருவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் இளவட்டம் போல இருக்கிறது, போ.

சந்தோஷம் அவ்வளவுதான். நேற்று போனில் உன் பேச்சுக்கு நடுவே விசில் சத்தம் வந்தது. கேட்டால், "குக்கருங்க" என்றாய். வார்த்தைக்கு வார்த்தை விசில் அடிக்கிற குக்கர் எந்தக் கடையில் விற்கிறது? மகள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். உன் இளைப்பு நோய் தெரிந்தால் பேரப்பிள்ளையைத் தூக்க விடமாட்டாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டல்லவா போனாய்.

இன்று காலை உனக்கு இன்ஹேலர் வாங்க நெஞ்சு டாக்டரிடம் போனேன். நீ மகள் ஊருக்குக் கிளம்பும் முன் கண்ணில் பிரஷர் என்று சொட்டு மருந்து ஆரம்பித்ததைப் பேச்சுவாக்கில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இளைப்பு இருக்கறத கண் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றார். எங்கே சொன்னோம்? "கண்ணைக் காட்டற இடத்துல நெஞ்சைப் பத்தி எதுக்குங்க?" என்று அன்று நீ கேட்டாய், நானும் தலையாட்டினேன்.

அந்த மாதிரிச் சில சொட்டுகள் கண்ணிலேயே நிற்காதாம். மூக்கு வழியாக இறங்கி, ரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாயை இறுக்குமாம். அவரே கண் டாக்டரிடம் பேசி, உன் நெஞ்சுக்கு ஒத்துப்போகிற வேறு மருந்து எழுதி வாங்கினார். உடனே உனக்குப் போன் செய்து, "பழைய சொட்டை இனிமே கண்ணுல ஊத்தாதே, புதுசு வருது" என்றேன். "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டாய். உன் "சரிங்க" எனக்குத் தெரியாதா? அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் தெரு பஸ் டிரைவர் மாலைக்குள் கொண்டுவந்து தருவார். புது பாட்டிலும் இதோடு இருக்கிறது. அதை இன்றே ஆரம்பி. மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடாதே, பிரஷர் பார்வையைத் தின்றுவிடுமாம். பழையதைக் குப்பையில் போடு. இளைப்பு அடங்காவிட்டால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு மகள்தான் கூட வரவேண்டும்.

இருட்டியதும் கூப்பிடுவேன். அதற்குள் நீயே அவளிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் நான் சொல்வேன், சத்தியமாவது ஒன்றாவது. கோபித்துக்கொள். வந்தபின் ஒரு மாதம் என்னோடு பேசாதே. மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிரு, தாயே.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்