உன் வண்டிக்குப் புது ஸ்டீரியோ

அன்புத் தம்பி தனாவுக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயுமாக இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆலையில் இருந்தபோது எந்த அறிக்கை எழுதினாலும் சொல்லப் போவதை முதலில் வரிசை போட்டுக்கொள்வேன். நீ சிரிப்பாய். பரவாயில்லை, சிரித்துக்கொள்.

1. உன் பிக்கப் வண்டி இன்னும் விற்கப்படவில்லை.

2. உன் மனைவி கலா அதை விற்கச் சொன்னதற்குக் காரணம், வண்டியோடு வந்த அந்தப் பழைய ஸ்டீரியோ.

3. அதைக் கழற்றிவிட்டு வேறு போட்டோம். அந்த வேலையில் என் கையால் ஒன்று கெட்டுப்போயிற்று.

4. அதற்குப் பிறகு கலா வண்டியில் ஏறினாளா என்பது.

இதைப் பிறரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன்: அன்று என்ன நடந்தது என்பது. அதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

காசிமேட்டில் மீன் ஏற்றி மீஞ்சூரில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாய். எண்ணூர்ச் சாலையில் வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டுவிட்டு, இருக்கையில் சாய்ந்திருக்கிறாய். நெஞ்சு வலித்ததா? அதுவும் தெரியவில்லை. ஸ்டீரியோவில் கானா ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு கேட்டபடி ஒருவன் சாய்ந்திருந்தால் தூங்குகிறான் என்றுதானே நினைப்பார்கள்? துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிக்காரர்கள் எத்தனையோ பேர் உன்னைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறார்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஒருவர் சந்தேகப்பட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலும் ஆகவில்லை, காரியத்தன்றும் ஆகவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்போமே, அதுபோல அவ்வப்போது அழுத்திப் பார்க்கிறேன். என் கன்னம்தான் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஓட்டி வந்தவர் சாவியைத் திருப்பியபோது பாட்டு பாதியில் நின்றது. அந்த ஸ்டீரியோவின் குணம் உனக்குத் தெரியும். எங்கே நிறுத்தினோமோ, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கும். குப்பை வண்டிக்கு வழிவிட, தண்ணீர் லாரிக்கு வழிவிட என்று உன் மகள் ரேவதி அவ்வப்போது உன் வண்டியை நகர்த்துவாள். சாவியைத் திருப்பியதும் பாட்டு விட்ட இடத்திலிருந்து வரும். அவள் சட்டென்று கைநீட்டி அதை அணைப்பாள். அதற்குள் ஒரு வார்த்தை கேட்டுவிடும். அடுத்த முறை அடுத்த வார்த்தை. நீ போன பிறகு அந்தப் பாட்டு அப்படித்தான் வார்த்தை வார்த்தையாக நகர்ந்தது. மாடி ஜன்னலில் நின்று நானும் கேட்டிருக்கிறேன். அவளிடம் அதைப் பற்றிப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

ஒருநாள் மாதவரத்திலிருந்து புரோக்கர் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். வரச் சொன்னது கலாதான். ரேவதி வாசலில் குறுக்கே நின்றாள்.

"வண்டி விக்கறதுக்கு இல்ல. நான் ஓட்டப்போறேன். மீஞ்சூர் கடக்காரங்க எல்லாம் எனக்குத்தான் போன் பண்ணிக்கினு கீறாங்க."

"நீ ஆபீஸ் வேலைக்குப் போற பொண்ணு," என்றாள் கலா.

"அந்த ஏசி ரூம்ல ஒக்காந்து கொட்டாவி வுடறதுக்கு இது எவ்ளவோ மேல்மா. லைசென்ஸ் எடுத்துக் குடுத்ததே அப்பாதான?"

கலா என் பக்கம் திரும்பினாள். "மாமா, மனுசன் செத்துக் கெடக்குறாரு, அந்த டப்பா பாடிக்கினே கீது. அதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. அந்த டப்பாவோட அந்த வண்டி என் வூட்டு வாசல்ல நிக்கக்கூடாது. வித்துடுங்க."

நான் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்தே வாழ்ந்தவன். ஆலையில் யாராவது வந்து, இந்த மானி சரியில்லை என்று சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த மானியிடம் போவேன். சொன்னவரின் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. கலா சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த டப்பாவோடு நிற்கக்கூடாது என்றால், டப்பா போய்விட்டால் நிற்கலாம். புரோக்கரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். உன் வண்டியைக் காப்பாற்ற அந்த ஒரு வாரம்தான் இருந்தது.

கழற்றிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ரேவதி ஒப்பவில்லை. "டேஷ்போர்டுல ஓட்டையோட எப்டி பெரிப்பா ஓட்டறது? மூக்கறுத்த மாதிரி இருக்கும். போடறதுதான் போடறோம், நல்ல சிஸ்டமா போட்டுக்கலாம். விடிகால்ல தனியா போவறதுக்கு ஒரு தொண வேணும்ல?"

தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் அன்வரின் கடை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, எவ்ளோ சவுண்டு வேணும்? வண்டி அதிரணுமா, தெரு அதிரணுமா?"

"காதுக்குக் கேட்டால் போதும்," என்றேன்.

"காதுக்குக் கேக்கறதுக்கு செல்போன் போதுமே, இங்க எதுக்கு வந்தே?"

"அண்ணே, பெரிப்பா பேச்ச வுடு," என்றாள் ரேவதி. "கதவுக்கு ஒண்ணா ரெண்டு ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னால ஒரு ஊஃபர். பாட்டு போட்டா பின்னால கீற மீனு எந்திரிக்கணும்."

"எந்திரிச்சி ஆடும், நீ பாரு!"

அவள் சிரித்ததை நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வரவேண்டிய இடம் அது என்பது தெரிந்தது.

இனி மூன்றாவது. இதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் வரிசை கெட்டுப்போகும்.

ரேவதி டீ வாங்கப் போயிருந்தாள். நான் வண்டியின் பேட்டரியைத் திறந்து மைனஸ் ஒயரைக் கழற்றினேன். எதைத் தொடுவதற்கு முன்பும் மின்சாரத்தை விலக்கு, விலக்கிய இடத்தில் அட்டையைத் தொங்கவிடு என்பது ஆலையின் விதி. அந்த விதி என் கையில் ஊறிவிட்டது. அட்டையும் வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். 'தொடாதீர், ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையைப் பேட்டரி மேல் தொங்கவிட்டேன்.

அன்வர் அதைப் படித்துவிட்டு, "எந்த ஆளு பெர்சு வேல செய்றாரு? நான் இன்னும் டீயே குடிக்கல. ரேடியோ கயட்டறதுக்குக் கப்பல் என்ஜின் கயட்டற பில்டப்பு குடுக்குறியே!" என்றார்.

ரேவதி டீயோடு வந்தாள். தம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம். அந்தப் பாட்டு மீதிய முழுசா கேட்டுட்டு அப்புறம் கயட்டலாம்," என்றாள். இத்தனை நாளாக அவள் அதை மிச்சம் பிடித்து வைத்திருந்தது இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒயரை மறுபடி மாட்டினேன். அவள் சாவியைத் திருப்பினாள். ஸ்டீரியோவின் கடிகாரம் பன்னிரண்டு என்று காட்டியது. பென்டிரைவிலிருந்த முதல் பாட்டு முதல் வரியிலிருந்து பாடியது. அது வேறு ஏதோ பாட்டு. பேட்டரியைப் பிரித்தால் ஸ்டீரியோவின் ஞாபகம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை நினைக்கவில்லை.

"அந்தப் பாட்டு எதுன்னு தெரியும்ல? தேடிப் போட்டுக்கலாம் பாப்பா," என்றார் அன்வர்.

"பாட்டு தெரியும்ணே," என்றாள் அவள். நீ ஓடவிட்டதன் தொடர்ச்சியை எந்த ஸ்டீரியோவில் தேடுவது? இனி அது கிடைக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தேயிருந்தது. சாவியைத் திருப்பிப் பாட்டை அணைத்துவிட்டு, "பரவால்ல பெரிப்பா. டீ ஆறிடும், குடி," என்றாள். குடித்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. டேஷ்போர்டின் முகப்பைப் பிரித்தார்கள், திருகுகளைக் கழற்றினார்கள். ஸ்டீரியோவை இழுத்தபோது அதன் பின்னாலிருந்து கொஞ்சம் மீன் செதில் உதிர்ந்தது. அது எப்படி அங்கே போயிற்று தனா? புதியதற்குத் தொடுதிரை இருக்கிறது, நீல வெளிச்சம் வருகிறது. கதவுகளில் ஸ்பீக்கர் பொருத்தி, இருக்கைக்குப் பின்னால் ஊஃபரை முடுக்கினார்கள். ஃப்யூஸ் சரியான அளவில் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன். அதையாவது சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

இன்று காலை ரேவதி முதல்முறையாகக் காசிமேட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் வண்டியைக் கிளப்பிப் பாட்டைப் போட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியோடு எட்டிப் பார்த்து, "அம்மனுக்குக் கூழு ஊத்தறதுக்கு இன்னும் நாளு கீதே!" என்றார்.

கலா தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழங்களும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியை ஏற்றுக்கொண்டுவிட்டாள், என் கணக்குச் சரி என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். டயருக்கு அடியில் பழத்தை வைத்தாள். கற்பூரத்தை ஏற்றினாள். ஆனால் வண்டிக்குச் சுற்றவில்லை. ரேவதியைக் கீழே இறங்கச் சொல்லி, தெருவில் நிற்க வைத்து, அவளுக்குச் சுற்றினாள். ஒருமுறை அல்ல, கை ஓயும்வரை சுற்றினாள்.

"ஹாரன் அடிச்சா ஒனக்குக் கேக்குமாடி, இந்த சத்தத்துல?"

"கேக்கும்மா."

"நான் உள்ளருந்து மூணு தபா கூப்ட்டேன். கேட்டுச்சா?"

ரேவதி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா கலா, அந்தப் பழைய டப்பாதான் போய்விட்டதே?" என்று நான் குறுக்கே நுழைந்தேன். நுழைந்திருக்க வேண்டாம்.

"டப்பா பாடுனா இன்னா மாமா, பாடாட்டி இன்னா? பாடாம இருந்திருந்தா அவரு எந்திரிச்சி வந்துருவாரா?"

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"வேற இன்னா சொல்றது? அந்தக் கன்டெய்னர்காரனுங்க நடுவுல எம்பொண்ண வுட பயமா கீதுன்னு சொன்னா, பெரிப்பாவும் பொண்ணும் ரெண்டு பக்கமும் ஒக்காந்துக்கினு எனக்குப் பாடம் எடுப்பீங்க. டப்பாவச் சொன்னா எவனும் எதுத்துப் பேசமாட்டான்னு சொன்னேன். நீங்க டப்பாவையே மாத்திக்கினு வந்து நிக்கிறீங்க!"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் முகத்தில் இருந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நீ உட்காரும் பக்கத்துக்கு மறுபக்கமாகப் போய்க் கதவைத் திறந்து ஏறினாள். புதுத் திரையை எப்படி அணைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் அழுத்தினாள். ரேவதி எட்டி அணைத்தாள். தெரு அமைதியானது.

"ஓட்டு. இந்தப் பக்கம் லாரி வருதான்னு நான் பாத்துச் சொல்றேன். ஒரு மாசம் வருவேன். அப்பறமும் வேணும்னா வருவேன். மாமா, அந்தப் புரோக்கர வர வேணாம்னு சொல்லிடுங்க."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி சத்தமில்லாமல் தெருமுனை திரும்பிற்று. அத்தனை ஸ்பீக்கரும் ஊஃபரும் பூட்டிய வண்டி, உள்ளே இரண்டு பெண்கள், அவர்கள் காது முழுக்கச் சாலையில்.

பயந்து பயந்தே கிழவனானவன் நான். பஸ் ஏறப் பயம், கடைக்காரரிடம் பேசப் பயம், உன்னை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டப் பயம். பயம் என்ற அந்த ஒன்றையாவது நான் நன்றாக அறிந்தவன் என்று நினைத்திருந்தேன். அது என் எதிரில் வந்து நின்று சோறு இறங்கவில்லை என்று சொன்னபோது, நான் எழுந்துபோய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். இனி கலா எதைச் சொன்னாலும், கருவிப் பையைத் தொடும் முன் அவள் எதிரில் போய் உட்காருவேன். பேச வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

மேலே இரண்டாவதாக எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதலாம். காலையில் நடந்ததைப் பார்த்த பிறகும் வரிசை போடும்போது பழக்கத்தில் பழைய காரணத்தையே எழுதியிருக்கிறேன் பார். அப்படியே விட்டுவிடுகிறேன், நீ பார்த்துக்கொள். அது தவறு, தனா. அந்த ஸ்டீரியோவில் ஒரு பழுதும் இல்லை.

உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்த,
உன் அண்ணன்.