புத்தூரில் எடுத்த போன்

ஜூலை 7, திங்கள்

அம்மாவிடம் இன்று சொல்லாதது: போன மாதம் திருப்பதி போகும் வழியில், ஆந்திரப் புத்தூரில், தம்பி கார் ஓட்டிக்கொண்டே போன் பேசி போலீசிடம் மாட்டினானே, அப்போது பேசியது அவளிடம்தான். "பாத்து ஓட்டுடா" என்று சொல்லக் கூப்பிட்டிருந்தாள். எடுக்காவிட்டால் சித்தி, பெரியப்பா, எதிர் பிளாட் என்று ஊருக்கே போன் போகும். அதனால் எடுத்தான்.

அங்கேயே அபராதம் கட்டினோம். அதோடு முடிந்தது என்று நினைத்து வீட்டில் சொல்லவே இல்லை. இன்று தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து கடிதம். லைசென்ஸை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது, நேரில் விளக்கம் தரவும்.

அப்பா: "ஆந்திரா கேஸ் இங்க எப்படிடா செல்லும்?"

செல்கிறது. அபராதம் அந்த ஊருக்கு, லைசென்ஸ் இந்த ஊருடையது.

21ஆம் தேதி தம்பி மறைமலை நகரில் ஒரு கார் தொழிற்சாலையில் டெஸ்ட் டிரைவராகச் சேர வேண்டும். ஆசைப்பட்டுத் தேடிய வேலை. லைசென்ஸ் இல்லாமல்?

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் ஃபேன் மறுபடி ரிப்பேர்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா: "வண்டி ஓட்டும்போது கூட போனை வைக்க முடியாத அளவுக்கு யாருடா அவ?"

தம்பி தோசையைப் பார்த்தபடி, "ஃப்ரெண்டும்மா."

"பேரு இருக்குமில்ல?"

எனக்குச் சிரிப்பு. தண்ணீர் குடித்தேன்.

பிறகு பால்கனியில் அவனிடம், சொல்லிவிடலாமே என்றேன்.

"வேணாம்க்கா. சொன்னா அப்புறம் எனக்கு போனே பண்ண மாட்டாங்க."

இவ்வளவு நாளும் அந்த அழைப்புகள் அவனுக்குத் தொல்லை என்றே நினைத்திருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு. அவனோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ். கூட்டம். பெஞ்சில் பக்கத்தில் ஒரு வேன் டிரைவர்.

"இன்னா தம்பி, எந்த ஊரு கேஸு?"

"ஆந்திராண்ணா. போன்."

"எனக்கு ஓசூர் தாண்டி. சம்சாரத்தோட போன்ல சண்டை. சண்டையும் முடியல, லைசென்ஸும் பூட்ச்சு."

உள்ளே அதிகாரி, தலை நிமிராமல்: "யாரோட பேசினீங்க?"

"அம்மா, சார்."

"எல்லாரும் அம்மான்னுதான் சொல்றாங்க."

பொய் என்று நினைத்துவிட்டார். வீட்டில் பொய்யை நம்புகிறார்கள், இங்கே உண்மையை நம்பவில்லை. மூன்று மாதம் நிறுத்திவைப்பு. லைசென்ஸ் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெளியே கரும்புச் சாறு. இஞ்சி தூக்கல். நன்றாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

தொழிற்சாலைக்குத் தானே போன் செய்தான். மறைத்துச் சேரலாம் என்று நண்பன் யாரோ சொன்னானாம். இவன் கேட்கவில்லை.

"சார், மூணு மாசம் என்னால ஓட்ட முடியாது. ஆந்திராவுல போன் பேசி மாட்டிட்டேன். தப்புதான் சார்."

பிறகு சொல்கிறோம் என்றார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். அம்மா அவனுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுத்தாள். தானாக நினைத்துக்கொண்ட அந்தப் பெண் மீது அவளுக்குக் கோபம் மட்டும் தணியவில்லை.

மழை வரும்போல. துணி எடுக்க வேண்டும். எதனாலோ மனம் நிறைந்திருக்கிறது. இவனைப் பற்றி இனி எனக்குப் பெரிய கவலை இல்லை.

ஜூலை 21, திங்கள்

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். இப்போதைக்கு வேறொருவர் ஓட்டுவார். தம்பி அருகில் உட்கார்ந்து சத்தம், அதிர்வு, பிரேக் எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் திரும்பியதும் ஸ்டியரிங் தருவார்களாம். சம்பளம் குறைவு. இன்று காலை செங்கல்பட்டு ரயிலில் போய் வேலையில் சேர்ந்தான்.