பவ்னிப் பிள்ளைக்குக் கொளுத்திய மெழுகுதிரி

அனுப்புநர்:
திருமதி பியற்றிஸ் சவிரிமுத்து,
சட்டன், லண்டன்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தொல்குடிகள் நூதனசாலை, லண்டன்.

பொருள்: எனக்கு விதித்த வாழ்நாள் தடையும், கண்ணாடிப் பெட்டியிலுள்ள பவ்னிப் பிள்ளையும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எந்த மொழியிலும் முறையிடலாம் என்று தங்கள் வாசலில் எழுதியிருக்கிறது. அந்தப் பெருந்தன்மையை வீணாக்க மனமில்லாமல் தமிழில் எழுதுகிறேன்.

2. இறந்தோரை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் நாளன்று, பூசை முடிந்து, எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் தங்கள் நூதனசாலைக்கு வந்தோம். அமெரிக்காவில் பவ்னி என்னும் தொல்குடி மக்களின் பழைய கிராமத்தில் தோண்டியெடுத்தவை ஒரு மண்டபம் முழுக்க இருந்தன. மண்வீட்டின் மாதிரி, சோளம் இடித்த கல், அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் எலும்புகள். கீழே ‘சிறு பிள்ளையின் கல்லறை’ என்று பலகை. இலங்கையில் எங்கள் மன்னார்ச் சனத்துக்கு அந்த நாளில் கல்லறையைக் கண்டால் கை சும்மா இராது. கைப்பையில் இருந்த மெழுகுதிரியைக் கொளுத்திச் செபித்தேன். தீ எச்சரிக்கை மணி அடித்து, உள்ளே இருந்த அத்தனை பேரும் மழைக்குள் நின்றார்கள். அது என் பிழைதான்.

3. ஆனால் ‘காட்சிப்பொருளுக்கு அவமரியாதை’ என்கிறது தடை விதித்த தங்கள் கடிதம். அடேயப்பா! புதைத்த பிள்ளையைக் கிளறி எடுத்து, இலக்கம் ஒட்டி, தேநீர்க்கடைக்குப் போகும் வழியில் கிடத்தியது மரியாதை. ஒரு மெழுகுதிரி அவமரியாதை. பவ்னி வீடுகளின் வாசல் கிழக்கு நோக்கும் என்று தாங்களே எழுதிவைத்து, பிள்ளையைப் பரிசுப்பொருட் கடையைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள். பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்ற நல்லெண்ணமாக்கும்.

4. பவ்னி மக்கள் நேரில் வந்து பிள்ளையைக் கேட்டதாகவும், ஆராய்ச்சி முடியவில்லை என்று தேநீர் கொடுத்து அனுப்பியதாகவும் தங்கள் வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்கிறீர்கள். பாவம், களைத்திருப்பீர்கள். கொஞ்சம் ஆறுங்கள்.

5. என் தம்பி ஜெராட் யுத்தத்தில் காணாமற்போனவன். எங்கள் மன்னார்ப் பக்கம் புதைகுழியில் தோண்டிய எலும்புகளும் இலக்கமிட்ட பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றுள் அவன் இருக்கிறானோ, தெரியாது. தம் ஆட்களுக்குக் கல்லறை இல்லாதவர்கள் வேறு யாருடைய கல்லறையிலாவது திரி கொளுத்துவார்கள். அன்று நான் கொளுத்தியது அவனுக்கும் சேர்த்துத்தான். அவனை இன்னாரென்று சொல்ல ஒருவருமில்லை. உங்களுக்கோ அந்தப் பிள்ளையின் ஊர் தெரியும், இனம் தெரியும், கூட்டிப்போக வந்தவர்களின் முகமும் தெரியும். பிறகும் வைத்திருக்கிறீர்கள்.

6. ஆகவே, தடையை நீக்கும்படி கேட்கவில்லை. பிள்ளையை அதன் சனத்திடம் கொடுங்கள். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, தங்கள் வாசலுக்கு வெளியே, கவுன்சிலுக்குச் சொந்தமான நடைபாதையில் திரி கொளுத்துவேன். அங்கே மணி இல்லை என்று பார்த்துவிட்டேன். மழைக்குக் குடையும் கொண்டுவருவேன்.

சட்டன்,
10.11.2025

தங்களால் தடைசெய்யப்பட்ட பார்வையாளர்,
பியற்றிஸ் சவிரிமுத்து
(ஜெராட்டின் அக்கா)